டயலைத் திருப்பியும் மரவேலை ரூட்டரின் வேகம் மாறாவிட்டால்: பழைய ரூட்டரைச் சரிசெய்யும் முறை

ஸ்விட்சைப் போட்டதும் ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் கை மெஷின்) கையை உதறிக்கொண்டு முழு வேகத்தில் சீறுகிறது. டயல் 1-ல் இருந்தாலும் 6-ல் இருந்தாலும் ஒரே சத்தம். இன்னொரு ரூட்டர் மரத்தில் இறங்கியதும் துவண்டு, எகிறி, மறுபடி துவள்கிறது. மூன்றாவது ஒன்று, டயலை லேசாக அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிறது. மூன்றுக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டைக் காட்டி, "போர்டு போச்சு" என்று ஒரே தீர்ப்பு சொல்லிவிடுவது வழக்கம்.

பத்து, இருபது வருடம் உழைத்த 1600 முதல் 1850 வாட் வரையிலான பிளஞ்ச் ரூட்டரில் போர்டு போயிருக்கவும் செய்யலாம். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் புது போர்டை மாட்டினால், பழையதைக் கொன்ற அதே தேய்ந்த கார்பனோ (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்), ஷார்ட்டான ஆர்மேச்சரோ (மோட்டாரின் சுழலும் பகுதி) புதியதையும் கொன்றுவிடும். அதனால் பார்க்க வேண்டிய வரிசை இது: ஒயர், ஸ்விட்ச், கார்பன், ஆர்மேச்சர். போர்டு கடைசியில்தான். இங்கே சொல்வதெல்லாம் 230 வோல்ட்டில் ஓடும் கார்பன் பிரஷ் ரூட்டர்களுக்கு. 120 வோல்ட் நாடுகளிலிருந்து வந்த மெஷினுக்கு அதே வோல்ட்டேஜுக்கான போர்டுதான் வேண்டும், முறை மாறாது.

முழு வேகத்தில் மட்டும் ஓடும் ரூட்டரை "ஓடுகிறதே, போதும்" என்று விட்டுவைக்கக் கூடாது. 60 மி.மீ. விட்டமுள்ள பிட் (வெட்டும் அலகு) நிமிடத்துக்கு 22,000 சுற்று சுற்றினால் அதன் வெட்டுமுனை நொடிக்குக் கிட்டத்தட்ட 69 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதே பிட்டை 16,000-ல் ஓட்டினால் 50 மீட்டர். 25 மி.மீ. வரையிலான பிட்டுக்கு முழு வேகம் சரி, 50 மி.மீ. வரை 18,000, 65 மி.மீ. வரை 16,000, அதற்கு மேல் 12,000 என்பது பொதுவான கணக்கு. பிட் பாக்கெட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ரூட்டர் மோட்டார் யுனிவர்சல் வகை. சுழலாமல் நிற்கும் இரண்டு ஃபீல்டு காயில்களும் ஆர்மேச்சரும் கார்பன் வழியாகத் தொடராக இணைந்திருக்கும். இந்த மோட்டார் கொடுத்த வோல்ட்டேஜுக்குத் தக்கபடி வேகம் எடுக்கும். வெறுமனே ஓடும்போது மிக வேகமாக ஓடும். நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 அரை அலைகள் வருகின்றன. ஒவ்வொரு அரை அலையிலும் எவ்வளவு தாமதித்துக் கதவைத் திறப்பது என்று போர்டு முடிவு செய்கிறது. அந்தக் கதவுதான் ட்ரையாக். தாமதம் கூடினால் வேகம் குறையும்.

போர்டுகள் பெரும்பாலும் மூன்று விதம். மிகப் பழையதில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (டயலோடு திரும்பும் ரெசிஸ்டர்), ஒரு கெபாசிட்டர், சுமார் 32 வோல்ட்டில் திறக்கும் டிபி3 டயாக், ஒரு ட்ரையாக் மட்டுமே. மின்விசிறி ரெகுலேட்டரின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம். அடுத்தது யு2008பி போன்ற ஐசி வைத்தது. மோட்டார் இழுக்கும் கரண்ட்டைப் பார்த்து, சுமை ஏறினால் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடும். மெதுவாக ஸ்டார்ட் ஆகும் வசதியும் உண்டு. மூன்றாவது வகையில் ஆர்மேச்சரின் மேல்முனையில் ஒரு காந்த வளையமும், அதன் பக்கத்தில் ஒரு சிறிய காயிலோ, காந்தத்தை உணரும் ஹால் சென்சாரோ இருக்கும். சுற்றை எண்ணி, வேகத்தை நிலையாகப் பிடித்து வைக்கும் போர்டு இது. உங்கள் ரூட்டரில் எது இருக்கிறது என்று கண்டுகொள்வது எளிது: மேல்மூடியைக் கழற்றியதும் போர்டிலிருந்து இரண்டு அல்லது மூன்று மெல்லிய ஒயர்கள் பேரிங் பக்கம் போனால் சென்சார் உண்டு.

கழற்றும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைப்பது போதாது. பிட், கோலட் (பிட்டைக் கவ்வும் வளையம்), நட் மூன்றையும் கழற்றி வையுங்கள். மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது இறுக்காத நட் கழன்று பறந்தால் கண்ணுக்குத்தான் ஆபத்து. இந்தப் போர்டில் எந்த இடத்தைத் தொட்டாலும் மெயின் லைனைத் தொடுவதுபோல்தான். கரண்ட்டைக் கொடுத்துவிட்டு மீட்டர் முனையை உள்ளே நுழைக்க வேண்டாம். கீழே சொல்லும் ஓம் அளவுகள் எல்லாம் பிளக் இல்லாமல் எடுப்பவை. ஓட்டிப் பார்க்கும்போது 30 மில்லி ஆம்ப் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள இணைப்பில் மட்டும் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கும் முன் போனில் படம் எடுங்கள், இரண்டு கோணத்தில். பழைய மெஷின்களில் ஒரே நிறத்தில் மூன்று கருப்பு ஒயர் வருவது சாதாரணம். ஃபீல்டு காயில் முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கோலட் நட்டைத் தானே தளர்த்தும்.

பெரும்பாலான மாடல்களில் தலைப்பக்கம் நான்கு ஸ்க்ரூ. அவற்றை எடுத்தால் மூடி வரும். முதலில் கார்பனை வெளியே எடுத்துவிடுங்கள். கார்பன் உள்ளே இருக்கும்போது ஆர்மேச்சரை இழுத்தால் கார்பன் முனை உடையும். தூசியை இரண்டு, மூன்று பார் காற்றில் ஊதி எடுங்கள். முழு அழுத்தத்தில் ஊதினால் எம்.டி.எஃப். தூள் பேரிங்குக்கும் ஸ்விட்சுக்கும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒயர், ஸ்விட்ச், கார்பன்

ஒயர் மெஷினுக்குள் நுழையும் கழுத்துப் பகுதிதான் முதலில் ஒடியும் இடம். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, பிளக் பின்னிலிருந்து ஸ்விட்ச் முனை வரை பாருங்கள். பார்க்கும்போதே கழுத்தை இப்படியும் அப்படியும் வளையுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் வேகம் ஏறி இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒடிந்த இடத்துக்கு மேல் வெட்டிவிட்டு மறுபடி இணைத்தால் போதும். ஸ்விட்சை ஆன் செய்து இரண்டு பக்கமும் ஓம் பாருங்கள். அரை ஓமுக்கு மேல் காட்டினாலும், அழுத்தும்போது எண் குதித்தாலும், கான்டாக்ட் கருகியிருக்கிறது. ஸ்விட்சைப் பிரித்துத் தேய்ப்பதைவிட, அதே ஆம்ப் அளவுள்ள புதியதைப் போடுவது நல்லது.

கார்பன் நீளம் 6 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. நீளம் இருந்தும் ஹோல்டரில் தூள் கெட்டிப்பட்டு கார்பன் சிக்கிக்கொள்வது பழைய ரூட்டரில் மிகச் சாதாரணம். விரலால் அழுத்தி விட்டால் ஸ்ப்ரிங் அதை உடனே வெளியே தள்ள வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தால், ஓடும்போது அது கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சர் முனையிலுள்ள செம்புக் கட்டை வளையம்) விட்டு விலகி விலகித் தொடும். அப்போது கிளம்பும் தீப்பொறியும் வோல்ட்டேஜ் குத்தல்களும் நேராக ட்ரையாக்கின் தலையில்தான் விழுகின்றன. ஹோல்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டு ஹோல்டரைப் பெரிதாக்க வேண்டாம்.

ஆர்மேச்சர்

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். கம்யூட்டேட்டரில் அடுத்தடுத்த இரண்டு செம்புக் கட்டைகளில் மீட்டர் முனைகளை வைத்து, ஒவ்வொரு ஜோடியாக முழுச் சுற்றும் அளந்து வாருங்கள். வரும் எண் ஓர் ஓமுக்குக் கீழேயோ சற்று மேலேயோ இருக்கும். அந்த எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை. எல்லா ஜோடியிலும் ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு ஜோடி மட்டும் தனித்துக் குறைந்தால் அங்கே சுற்று ஷார்ட்; தனித்து உயர்ந்தால் கம்பி கழன்றிருக்கிறது. சாதாரண மீட்டரில் கடைசி இலக்கம் ஆடும். முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாலும் பாருங்கள். எல்லாக் கட்டையும் ஒரே பழுப்பு நிறத்தில் மினுமினுத்தால் நல்லது. இரண்டு கட்டை மட்டும் கருத்து, ஓரம் அரித்திருந்தால் அந்தக் காயில் போய்விட்டது. ஓடும்போது கார்பன் அடியில் சின்ன நீலப் பொறி இருப்பது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே ஓடினால் ஆர்மேச்சரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்புங்கள், இல்லை மாற்றுங்கள். பிறகு ஷாஃப்டுக்கும் கம்யூட்டேட்டருக்கும் இடையே, ஃபீல்டு காயிலுக்கும் இரும்புக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (காப்பு ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர்) பாருங்கள். 2 மெகாஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரமான இடத்தில் கிடந்த மெஷின் என்றால் ஒரு நாள் வெயிலில் உலர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு ஃபீல்டு காயில்களும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும்.

போர்டு இல்லாமல் மோட்டாரை ஓட்டிப் பார்த்தல்

போர்டா மோட்டாரா என்ற சந்தேகத்தை இந்தச் சோதனை முடித்துவைக்கும். போர்டின் ஒயர்களைக் கழற்றி, ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்கு நேர் இணைப்புக் கொடுங்கள். ஆனால் இதை நேராக பிளக்கில் மாட்டக் கூடாது. சீரிஸில், அதாவது தொடராக, ஒரு சுமை வேண்டும்.

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 100 வாட் சீரிஸ் லேம்ப் இங்கே பாதிதான் உதவும். அது விடும் கரண்ட் அரை ஆம்புக்கும் குறைவு. 1800 வாட் மோட்டார் அதில் அசையாமலே நிற்கக்கூடும். பல்பு பிரகாசமாக எரிவதைப் பார்த்து மோட்டார் ஷார்ட் என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய பேர். 1000 வாட் அயர்ன் பாக்ஸை முழு சூட்டில் வைத்து சீரிஸில் போடுங்கள். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம், எது ஷார்ட் ஆனாலும் 4.3 ஆம்புக்கு மேல் போகாது. நல்ல மோட்டார் மெதுவாகக் கிளம்பி, சீராக வேகம் எடுத்து, நடுத்தர வேகத்தில் நிற்கும். மோட்டாரின் உடலை கிளாம்ப்பில் இறுக்கிவிட்டு, அதன் எதிரே நிற்காமல் பத்து விநாடி ஓட்டுங்கள். முனகிக்கொண்டு கிளம்பாமல் இருந்தாலும், ஓர் இடத்தில் மட்டும் தடங்கி மறுபடி கிளம்பினாலும் பழுது மோட்டாரில். சீராக ஓடினால் மட்டுமே இனி போர்டைத் தொடலாம்.

போர்டில் எதை, எப்படிப் பார்ப்பது

டயல் எதற்கும் மசியாமல் முழு வேகம் என்றால் முதல் சந்தேகம் ட்ரையாக் ஷார்ட். பிடிஏ16, பிடி139 போன்றவற்றில் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் இடமிருந்து எம்டி1, எம்டி2 (மெயின் கரண்ட் போகும் கால்கள்), கேட் (திறக்கச் சொல்லும் கால்). எம்டி1-க்கும் எம்டி2-க்கும் இடையே சில ஓம்களோ பூஜ்யமோ காட்டினால் செத்துவிட்டது. நல்லதில் அங்கே இணைப்பே இல்லை என்று (ஓப்பன்) காட்டும். கேட்டுக்கும் எம்டி1-க்கும் இடையே இரு பக்கமும் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை காட்டும். போர்டில் இருக்கும்போது பக்கத்து உறுப்புகள் எண்ணைக் குழப்பும் என்பதால், சந்தேகம் வந்தால் ஒரு காலையாவது சால்டர் உருக்கித் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள்.

மெஷின் உறுமுகிறது, பலமில்லை, டயல் பாதிதான் வேலை செய்கிறது என்றால் ட்ரையாக் ஒரு பக்க அரை அலையை மட்டும் விடுகிறது. சாதாரண மீட்டரில் இது பிடிபடாது. சென்சார் இல்லாத போர்டு என்றால், மோட்டார் இடத்தில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி டயலைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கலிலிருந்து முழுமை வரை தடங்காமல் ஏற வேண்டும். நடுங்கினால் பாதி அலைதான் வருகிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. சென்சார் உள்ள போர்டில் இந்தச் சோதனை ஏமாற்றும்: சுற்று வராததைக் கண்டு போர்டு முழுதாகத் திறந்துவிடும், அல்லது பாதுகாப்புக்காக நிறுத்திவிடும். அது பழுதில்லை.

டயலைத் தொட்டால் மட்டும் மாறுகிறது, ஒரு எண்ணில் மட்டும் குதிக்கிறது என்றால் பொட்டென்ஷியோமீட்டர். ஓரக் கால்கள் இரண்டுக்கும் நடுவே நிலையான அளவு, 47 கிலோஓம், 100 கிலோஓம் போல, வர வேண்டும். நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே டயலைத் திருப்பும்போது எண் குதிக்காமல் ஏற வேண்டும். குதித்தால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு முப்பது தடவை திருப்புங்கள். அது சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு அதே அளவு, அதே லீனியர் வகை புதிய பொட்டென்ஷியோமீட்டர்.

சும்மா ஓடும்போதே விட்டுவிட்டு உந்துகிறது, குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடானபின் குறைகிறது என்றால் ஐசிக்கு மின்சாரம் தரும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். 22 முதல் 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போல இருக்கும். இந்தப் பழுது மலிவானது, அடிக்கடி வருவது, அடிக்கடி தவறவிடப்படுவதும் இதுதான். 105 டிகிரி வகையைப் போடுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து. அதன் பக்கத்தில் 2 வாட் அளவில் கிலோஓம் கணக்கில் ஒரு ரெசிஸ்டர் நிற்கும். உடல் கருத்து, நிறக்கோடு தெரியாமல் போயிருந்தால் அதையும் கழற்றி அளந்து பாருங்கள். அது உள்ளே அறுந்துவிட்டால் மெஷின் ஓடவே ஓடாது. மெயின் லைனுக்குக் குறுக்கே இருக்கும் எக்ஸ்2 கெபாசிட்டரின் உறையில் வெடிப்புக் கோடு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி வகையைத்தான் போட வேண்டும். சாதாரண 400 வோல்ட் டிசி கெபாசிட்டர் அந்த இடத்தில் தீப்பிடிக்கலாம்.

சென்சார் உள்ள ரூட்டரில் வேகம் ஏறி இறங்கினால், போர்டைத் திட்டும் முன் காந்த வளையத்தை நகத்தால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் அது இம்மியும் நழுவக் கூடாது. பேரிங் மாற்றியவர் புல்லரைக் காந்தத்தின் மேல் கொடுத்து இழுத்திருந்தால் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும். டார்ச் அடித்து, பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். காயில் வகை சென்சாரில் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை காட்டும். ஓப்பன் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. ஹால் சென்சாரை ஓம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தேய்ந்த மேல்பேரிங்கினால் ஷாஃப்ட் ஆடி, காந்தத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறுவதும் இதே அறிகுறியைத் தரும்.

ட்ரையாக் மாற்றும்போது தவறும் இடங்கள்

1850 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8 ஆம்ப். ஸ்டார்ட்டிங்கில் அதைப்போல் பல மடங்கு வரும் என்பதால் 16 ஆம்புக்குக் குறையக் கூடாது, 600 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 800 இன்னும் நல்லது. எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். பிடிஏ வகையில் பின்னால் உள்ள உலோகத் தகடு உள்ளே காப்பிடப்பட்டது. பிடிபி, பிடி139 வகையில் அந்தத் தகடே எம்டி2, அதாவது உயிருள்ள லைன். பிடிஏ இருந்த இடத்தில் பிடிபியை நேராக ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) திருகினால், ஹீட் சிங்க் தொடும் உலோகம் எல்லாம் ஷாக் அடிக்கும். "16 ஆம்ப் ட்ரையாக் ஒன்று" என்று மட்டும் கேட்டு வாங்கினால் நடப்பது இதுதான்.

கேட் கரண்டும் பொருந்த வேண்டும். முன்பிருந்தது 10 மில்லி ஆம்பில் திறக்கும் உணர்வு மிகுந்த வகையாக இருந்து, நீங்கள் 50 மில்லி ஆம்ப் வகையைப் போட்டால், ஐசி தரும் துடிப்பு அதைத் திறக்கப் போதாது. மோட்டார் திணறும், அல்லது அசையாது. பழையதன் மேல் அச்சிட்ட எண்ணை முழுவதுமாக, கடைசி எழுத்து வரை, குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓடும்போது ட்ரையாக்கில் ஆம்புக்கு ஒரு வாட்டுக்கும் மேல் சூடு எழும். 8 ஆம்பில் ஏறத்தாழ 10 வாட். ஹீட் சிங்கின் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, புதியதை மெல்லிய படலமாகத் தடவி இறுக்குங்கள்.

போர்டு கல்போல் இறுகிய எப்பாக்சிக்குள் இருந்தால் உறுப்பு மாற்றும் முயற்சி வேண்டாம். மாடல் எண்ணும் வோல்ட்டேஜும் பொருந்தும் போர்டாக வாங்குங்கள். ரப்பர்போல் இளகிய சிலிகானாக இருந்தால் சூடான காற்றில் மென்மையாக்கி, மரக்குச்சியால் தோண்டி எடுக்கலாம்.

மாற்றுப் போர்டு கிடைக்காவிட்டால்

சுவரில் மாட்டும் மின்விசிறி ரெகுலேட்டரை ரூட்டருக்குப் போடும் யோசனையே வேண்டாம். அது நூறு வாட் கணக்கில் உள்ள சுமைக்குச் செய்தது. கடைகளில் கிடைக்கும் வெளி ஏசி ரெகுலேட்டர் போர்டில் "4000 வாட்" என்று போட்டிருந்தாலும், அந்தச் சிறிய அலுமினியத் தகடு அவ்வளவு சூட்டை வெளியேற்றாது. அதில் பாதிக்கும் கீழே வைத்துக்கொண்டு, மூடிய பெட்டிக்குள், கையில் படாதபடி ஃபியூஸோடு மாட்டினால் பயன்படும். ரூட்டருக்குள் உள்ள போர்டை முழுவதும் விலக்கிய பிறகே இது. இரண்டு ட்ரையாக் தொடராக இருந்தால் ஒன்றையொன்று குழப்பும். இதில் சுற்றை எண்ணும் வசதி இல்லாததால், மரத்தில் இறங்கியதும் வேகம் விழும்.

எதுவும் வேண்டாம், நேர் இணைப்பே போதும் என்றால் மெதுவான ஸ்டார்ட் இருக்காது, மெஷின் கையை முறுக்கும். அந்த ரூட்டரை 25 மி.மீ.க்கு உட்பட்ட பிட்டுக்கு மட்டும் ஒதுக்கி, டயலைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் "முழு வேகம் மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்து எடுப்பவர் டயலை நம்பிப் பெரிய பிட்டை மாட்டிவிடக் கூடாது.

மாட்டி முடித்த பிறகு

ஒயர்கள் ஆர்மேச்சரையோ விசிறியையோ தொடாமல் பழைய தடத்திலேயே போகட்டும். ஸ்பேட் டெர்மினல் தளர்ந்திருந்தால் இடுக்கியால் சற்று நசுக்கி மாட்டுங்கள். கையால் ஷாஃப்டைச் சுற்றினால் எங்கும் உரசக் கூடாது. பிளக்கின் இரண்டு பின்களையும் இணைத்துவிட்டு, அவற்றுக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே மெகர் பாருங்கள். அதே 2 மெகாஓம்தான் கீழ் எல்லை, நல்ல மெஷினில் அதைவிட வெகு மேலே காட்டும்.

முதல் ஓட்டம் மறுபடியும் அயர்ன் பாக்ஸ் சீரிஸில். பிறகு நேராக, பிட் இல்லாமல், டயல் 1-ல். புதுக் கார்பன் போட்டிருந்தால் குறைந்த வேகத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கார்பன் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிய அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு கோலட் நட்டை இறுக்கி மாட்டி, அதில் ஒரு துண்டு ஒளிரும் டேப் ஒட்டி, ஆப்டிகல் டாக்கோமீட்டரில் ஒவ்வொரு எண்ணிலும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷினின் பெயர்த்தகட்டில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். சென்சார் உள்ள ரூட்டரில், சென்சார் தகவல் போர்டுக்குச் சேரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். கடைசியாக 12 மி.மீ. பிட்டில், மூன்று மி.மீ. ஆழத்துக்கு ஒரு மீட்டர் பள்ளம் போட்டுப் பாருங்கள். சத்தம் ஒரே சுருதியில் வர வேண்டும்.

ரூட்டர் டேபிளில் தலைகீழாகத் தொங்கும் மெஷின் என்றால் ஒரு விஷயம் கூடுதலாகப் பாருங்கள். காற்றை உள்ளே இழுக்கும் தலைப்பக்கம் அங்கே கீழே இருக்கிறது. வெட்டுத்தூள் நேராக அதில்தான் விழுகிறது, போர்டும் அங்கேதான் இருக்கிறது. தூசி உறிஞ்சும் குழாயை டேபிளின் மேல் ஒன்றும் கீழ்ப்பெட்டியில் ஒன்றுமாகப் போடுங்கள். குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் கனமாக வெட்டும் வேலையையும் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்: ஷாஃப்டிலுள்ள விசிறி அப்போது மெதுவாகச் சுற்றுவதால், ட்ரையாக்கின் சூட்டை இழுக்க உள்ளே போதிய காற்று இருக்காது.